பிள்ளைமணி என்ன விலை?

சென்னை மாநகராட்சி இந்த ஊருக்குச் செய்த ஒரு பேருபகாரத்தை யாரும் உரிய முறையில் பாராட்டவில்லை. 2024 அக்டோபர் கடைசியில் ரிப்பன் மாளிகையில் கூடிய மாமன்றம், ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்புக்கு விடத் தீர்மானம் போட்டது. ஆட வருகிறவர் தலைக்கு, மணிக்கு 120 ரூபாய். கால்பந்துக்காரர்கள், தோழமைக் கட்சிகள், எதிர்க்கட்சிகள் என்று ஊரே பிடித்துக்கொண்டது. தீர்மானம் வந்த சூட்டோடு திரும்பிப் போனது. ‘அப்பாடா’ என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

போயிருக்கக் கூடாது. தீர்மானத்தை வாபஸ் வாங்கலாம், வாயிலிருந்து விழுந்த விலையை வாபஸ் வாங்க முடியாது. அரசாங்கத்தின் விளையாட்டுக் கணக்கை அளக்க இத்தனை நாள் நமக்கு ஒரு படி இல்லாமல் இருந்தது. கோடி என்கிறார்கள், லட்சம் என்கிறார்கள், கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போனது. இப்போது ஒரு பிள்ளை ஒரு மணி நேரம் பந்து உதைத்தால் 120 ரூபாய் என்று மாமன்றமே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது. இதற்குப் ‘பிள்ளைமணி’ என்று பெயர் வைப்போம். டாலர் ஏறும், தங்கம் ஏறும், தக்காளி ஏறி இறங்கும். பிள்ளைமணி மட்டும் அசையாது. இனி இந்த ஊர் மைதானக் கணக்கையெல்லாம் இந்த நாணயத்தில் மாற்றிப் பார்க்கலாம்.

முதலில் கிண்டி. அடையாறில் ஏறினால் ஆட்டோக்காரர் பேரம் முடிக்கும் முன் வந்துவிடுகிற தூரம். அங்கே குதிரைப் பந்தய மைதானம், 160 ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல், அரசாங்க நிலம். வெள்ளைக்காரன் மூட்டை கட்டிக்கொண்டிருந்த 1945-ல் அதை மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். வாடகை 614 ரூபாயும் சில்லறையும். மாதத்துக்கு என்று நினைத்துவிடாதீர்கள், ஆண்டுக்கு. ஏக்கருக்கு என்றும் நினைத்துவிடாதீர்கள், மொத்தத்துக்கும்தான். ஓர் ஏக்கருக்கு ஆண்டு முழுவதும் நாலு ரூபாய்கூட வரவில்லை.

நம் நாணயத்தில் மாற்றுவோம். 614 ரூபாய் என்றால் ஐந்து பிள்ளைமணியும் சொச்சமும். ஐந்து சிறுவர்கள் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆடக் கொடுக்க வேண்டியிருந்த தொகையும், 160 ஏக்கரில் ஆண்டு முழுவதும் குதிரை ஓட்டக் கொடுத்த தொகையும் ஏறத்தாழ ஒன்று. பதினொருவர் அணி இரண்டு சேர்ந்து 90 நிமிடம் ஆடினால் 33 பிள்ளைமணி, அதாவது 3,960 ரூபாய். பந்தய மைதானத்துக்கு அது ஆறு ஆண்டு வாடகைக்கு மேல். 1945 முதல் 2024 வரைக்கும் பழைய விகிதத்தில் வந்திருக்கக்கூடிய மொத்த வாடகையையும் பிள்ளைகள் பன்னிரண்டு பதின்மூன்று ஆட்டத்தில் கட்டி முடித்திருப்பார்கள். இன்டர்வெலில் குடிக்கிற கலர் தனி.

இதில் அரசாங்கம் தூங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னால் அபாண்டம். 1974-ல் குதிரைப் பந்தயத்தையே ஒழிக்கச் சட்டம் போட்டது. 1986-ல் கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட்டது. 1996-ல் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் சூதாட்டம் ஆகாது, திறமை விளையாட்டு என்று சொல்லி விஷயத்தை முடித்தது. குதிரை மேல் பணம் கட்டுவதற்குத் திறமை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்வோம். பந்து உதைக்கிற பிள்ளைக்கு அதைவிடக் கொஞ்சம் கம்மி போலிருக்கிறது, அதனால்தான் அவனைக் காசும் கட்டச் சொன்னார்கள். ஒழிக்க ஒரு சட்டம், விழுங்க ஒரு சட்டம். நடுவில் உயர்த்திய வாடகையைக் கேட்டுக் கடிதம் போனது, கிளப் மறுத்தது, வழக்கு வந்தது, வாய்தா வந்தது, வந்துகொண்டே இருந்தது. வராதது பணம் மட்டும்தான். காங்கிரஸ் ஆண்டது, தி.மு.க. ஆண்டது, அ.தி.மு.க. ஆண்டது, கவர்னர்களும் ஆண்டார்கள். கோட்டையில் கொடி மாறியது, கிண்டியில் ரசீது மாறவில்லை.

2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், 1970 முதல் 2004 வரைக்கான வாடகை பாக்கி மட்டும் 730 கோடியே 86 லட்சம், கட்டு என்றது. ஆறு கோடிப் பிள்ளைமணி! சென்னையின் பிள்ளைகள் லட்சம் பேர் தினம் ஒரு மணி நேரம் ஆடினாலும் அதைத் தீர்க்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். அதுவும் 2004-க்கு முந்தைய கணக்கு. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து வாயிலில் சீல் வைத்தது. கிளப் விடவில்லை, மறுபடி கோர்ட்டுக்குப் போனது. போகட்டும், அது அவர்கள் உரிமை. லாயத்தில் குதிரைக்குக் கொள்ளு வைத்துப் பிழைத்த தொழிலாளிக்கு மட்டும் வக்கீலும் இல்லை, வாய்தாவும் இல்லை. பாக்கி வைத்தது அவன் இல்லை, அடி விழுந்தது அவனுக்கும்தான்.

சீல் வைத்தது செப்டம்பர், பிள்ளைக்கு விலை வைத்தது அக்டோபர். இரண்டுக்கும் நடுவே ஐம்பது நாள், ஒன்றரை மாதச் சொச்சம். ஒன்றைச் செய்தது மாநில அரசு, மற்றதைச் செய்தது மாநகராட்சி, இரண்டையும் முடிச்சுப் போடக் கூடாது என்று சட்டம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். வரி கட்டுகிறவனுக்கு இரண்டு பாக்கெட் இல்லையே. பெரிய இடத்திடம் 79 ஆண்டு கேட்கத் தெரியாத வாய், பிள்ளையிடம் மணிக்கணக்கில் கேட்கக் கற்றுக்கொண்ட வேகம்தான் அசர வைக்கிறது.

கிண்டியிலிருந்து சேப்பாக்கம். மயிலாப்பூர்க்காரர்கள் கடற்கரைக் காற்று வாங்கப் போகிற வழியில், எம்.ஏ. சிதம்பரம் ஸ்டேடியம். மண் அரசாங்கத்துடையது, ஆட்சி தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துடையது. 2011 உலகக் கோப்பைக்காக ஐ, ஜே, கே என்று மூன்று கேலரிகள் எழும்பின. பக்கத்துக் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் கேலரிக்கும் நடுவே விட வேண்டிய இடம் விடவில்லை, அனுமதி முறையாக இல்லை என்று வழக்காகி, ஏறத்தாழ 12,000 இருக்கைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. எந்த மேட்சானாலும் டிவியில் ஒரு பக்கம் சொட்டையாகத் தெரிந்தது நினைவிருக்கும். 2019 ஐபிஎல் இறுதிப் போட்டி அதனாலேயே ஹைதராபாத்துக்குப் போனது. இதைப் பிள்ளைமணிக்கு மாற்ற முடியவில்லை. காலி நாற்காலி பந்து உதைக்காது.

அதே மண்ணின் குத்தகை 2015-லேயே முடிந்துவிட்டது. புதுப்பித்த ஆணை வந்தது 2019-ல். நடுவில் 2016 டிசம்பரில் கருண் நாயர் அங்கே இங்கிலாந்துக்கு எதிராக முச்சதம் அடித்தார், இந்தியா 759 ரன் குவித்தது. குத்தகைச் சீட்டு இல்லாத மண்ணில் குவிந்த ரன் என்று ஸ்கோர் போர்டில் யாரும் எழுதவில்லை. நீங்கள் வாடகை வீட்டில் ஒப்பந்தம் முடிந்து நாலு மாதம் தள்ளிப் போட்டுப் பாருங்கள், வீட்டுக்காரர் மோட்டாரை நிறுத்திவிடுவார். இங்கே நாலு ஆண்டு, ஃப்ளட் லைட்கூட அணையவில்லை.

ஆனால் அதே வளாகத்து வாசலில் அரசாங்கத்துக்கு ஒருமுறை ரோஷம் வந்ததுண்டு. 2014 ஜூலையில் அந்தச் சங்கத்துக் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியோடு வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடவில்லை. தமிழ்நாடு கொதித்தது, சட்டமன்றம் கொதித்தது. ஆகஸ்டில் சட்டமே வந்துவிட்டது, வேட்டி கட்டியவரைத் தடுத்தால் தண்டனை என்று. ஒரே மாதம்! நம்மால் முடியாதது ஒன்றுமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். கிளப் நிற்கிற மண் யாருடையது, அதற்கு என்ன தருகிறார்கள், சீட்டு எப்போது முடிகிறது என்ற கேள்விகள் வேட்டிக்குள் வராததால் சட்டத்துக்குள்ளும் வரவில்லை. மானம் இடுப்பில் இருக்கிறது, நிலம் காலடியில் இருக்கிறது. நாம் என்றைக்கும் இடுப்பைப் பார்க்கிற ஜாதி.

மாநகராட்சிக்கென்றே ஒரு ஸ்டேடியம் இருந்த காலமும் உண்டு. மூர் மார்க்கெட் பக்கத்தில், கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்றே பெயர். 1956 ஜனவரியில் வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். அரை நூற்றாண்டுக்கும் மேல் உலக சாதனையாக நின்ற ஜோடி. பிறகு அது நேரு ஸ்டேடியம் ஆனது. 1993-ல் இடித்துப் புதிதாகக் கட்டினார்கள், கட்டிய வேகத்தை இன்றைக்கும் மெச்சுகிறார்கள். இன்று அது மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில். பக்கத்து உள்ளரங்கில் ஓட்டம் குறைவு, பாட்டு வெளியீடு அதிகம். நாயகன் மேடையில் குட்டிக் கதை சொல்லும்போது கூரை அதிர்கிற கைத்தட்டல், பாட்மின்டன் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்த பிள்ளைக்கு ‘இன்னிக்கு ஃபங்ஷன்ப்பா, நாளைக்கு வா’. இப்படிக் கொழுத்த இடமெல்லாம் மேலே போய்விட்ட பிறகு மாநகராட்சியிடம் மிச்சம் இருப்பது வார்டு மைதானங்களும் சில நீச்சல் குளங்களும் திருமண மண்டபங்களும். காசு பார்க்க வேண்டும் என்று தோன்றினால் அதன் கைக்கு எட்டுவது பிள்ளைதான்.

அந்த வார்டு மைதானங்களின் லட்சணம் தெரிந்ததுதான். தி.நகரில் ஏதாவதொன்றில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிப் பாருங்கள். ஒரே மண்ணில் ஏழெட்டு மேட்ச், ஒருவன் மிட்விக்கெட் இன்னொருவனுக்கு ஸ்லிப். பந்து எந்த அணியுடையது என்று கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். மயிலாப்பூரில் அதுவும் குறைவு, மாட வீதிச் சந்தில் ஸ்கூட்டர் சீட்டே ஸ்டம்ப். கண்ணாடி உடைந்தால் மாமி வசூலிப்பார், அதுதான் அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே பயனாளர் கட்டணம்.

தீவுத்திடலையும் விட்டுவிடக் கூடாது. 2024 ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும் அதைச் சுற்றிய சாலைகளில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின. மூன்றரை கிலோமீட்டர் வட்டம், இரவு வெளிச்சம், ‘தெற்காசியாவில் முதல்முறை’ என்ற பெருமை. நடத்தியது தனியார் நிறுவனம். விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் வழியாக அரசு ஒதுக்கியது 42 கோடி. அந்தப் பணத்தை யார் சுமப்பது என்பதற்கு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. நம் நாணயத்தில் 42 கோடி என்பது சுளையாக 35 லட்சம் பிள்ளைமணி, ஒரு பைசா மிச்சமில்லை. இரண்டு ராத்திரி ‘விர்ர்’ என்ற சத்தத்துக்கு 35 லட்சம் பிள்ளைமணி ஒதுக்க முடிந்த ஊரில், ஒன்பது புல்தரையைக் கூட்டிப் பெருக்கக் காசில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறார்கள். பணம் இல்லாத வறுமையை மன்னிக்கலாம். இது ஆளைப் பார்த்து வருகிற வறுமை.

வெளிநாட்டிலும் இந்தக் கூத்து உண்டு. 1976 ஒலிம்பிக்குக்கு முன் மாண்ட்ரியல் மேயர் ழான் த்ரப்போ, ஆம்பிளைக்குப் பிள்ளை பிறந்தால்தான் ஒலிம்பிக்கில் நஷ்டம் வரும் என்ற பொருளில் பேசினார். ஸ்டேடியக் கடன் அடைந்தது 2006-ல். முப்பது ஆண்டு பிரசவம். ஆனால் அவர்களாவது கட்டடம் கட்டி, கடன் வாங்கி, வட்டி கொடுத்து, சிரமப்பட்டு ஏமாந்தார்கள். நமக்கு அந்தச் சிரமமே வேண்டாம். வர வேண்டிய வாடகையை மறந்தால் போதும், செங்கல் ஒன்று வைக்காமலே அதே நஷ்டத்தை அடைந்துவிடலாம். சிக்கனத்தில் நம்மை மிஞ்ச முடியாது.

சரி, பெரிய இடத்திடமிருந்து நிலத்தை மீட்டால் என்ன ஆகும்? அதற்கும் முன்மாதிரி உண்டு. கதீட்ரல் சாலையில் நெடுங்காலம் தோட்டக்கலைச் சங்கம் ஒன்றின் பிடியில் இருந்த நிலத்தை அரசு வழக்காடி மீட்டது. ஆறு ஏக்கரில் 46 கோடியில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா எழும்பி 2024 அக்டோபரில் திறந்தது. மீட்டதற்குக் கும்பிடு. வாசலில் பார்த்தால், திறந்தபோது பெரியவருக்கு 100 ரூபாய், சின்னவருக்கு 50. ஜிப்லைனில் தொங்கப் பெரியவருக்கு 250. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் காலை உள்ளே வைக்கவே 300 ரூபாய், இரண்டரைப் பிள்ளைமணி. நிலம் பொதுமக்களுக்கே திரும்பி வந்துவிட்டது, டிக்கெட் எடுத்த பொதுமக்களுக்கு. கிண்டியில் மீட்ட 160 ஏக்கரிலும் 118 ஏக்கர் பூங்காவுக்கு என்று அறிவித்திருக்கிறார்கள், மழைநீருக்குக் குளங்களும் வெட்டினார்கள். குளம் வெட்டியது நல்ல காரியம், வேளச்சேரிக்காரர்கள் வாழ்த்துவார்கள். கவுன்டருக்கு எங்கே வெட்டப்போகிறார்கள் என்பதுதான் கவலை.

இப்படியெல்லாம் பேசினால் ஒரு நியாயஸ்தர் தொண்டையைச் செருமுவார். ‘செயற்கைப் புல் சும்மா இருக்குமா சார்? கிழியும், தைக்கணும், விளக்கு எரியணும், வாட்ச்மேன் வேணும். இதுக்கெல்லாம் பணம் எங்கேருந்து வரும்?’

கேள்வி நியாயம். பதில் அவர் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. 2022-ல் சொத்து வரியை ஏற்றினார்கள், சில வீடுகளுக்கு ஒன்றரை மடங்கு கூடுதலாக. 2024-ல் மேலும் 6 சதவீதம் ஏற்றினார்கள். தொழில் வரியும் ஏறியது. வாடகைக்கு இருக்கிறவனிடமிருந்து வீட்டுக்காரர் அதைக் கறந்துகொண்டார். ஆக, பந்து உதைக்கிற பிள்ளையின் அப்பன் அந்தப் புல்லுக்கு ஒருமுறை கொடுத்துவிட்டான். அரையாண்டுக்கு ஒருமுறை கொடுத்துக்கொண்டும் இருக்கிறான். நாள் தவறினால் தனி வட்டி. அவன் பிள்ளை ஷூ இல்லாமல் வந்து நின்றால் வாசலில் ஒரு கியூஆர் கோட். வரி கட்டினால் குடிமகன், ஆட வந்தால் வாடிக்கையாளர்.

அதனால் சென்னைப் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை. தனித்தனியாகப் பந்தைத் தூக்கிக்கொண்டு வருவதால்தான் இந்தக் கதி. ஒரு சங்கம் வையுங்கள். பெயர் இங்கிலீஷில் இருக்கட்டும். உறுப்பினராக இருபது வருஷம் காத்திருக்க வேண்டும் என்று விதி போடுங்கள், அப்போதுதான் மரியாதை. மாவட்ட ஆட்சியர் யாராயிருந்தாலும் கௌரவ உறுப்பினர். அமைச்சர் பிள்ளைக்கு வரிசை கிடையாது. காலர் இல்லாத பனியனுக்கு உள்ளே இடமில்லை. பிறகு 99 ஆண்டுக் குத்தகைக்கு மனு போடுங்கள். வாடகையை நீங்களே சொல்லலாம். உயர்த்திக் கேட்டால் வழக்குப் போடுங்கள். வழக்கு முடிவதற்குள் உங்கள் பேரப்பிள்ளைகள் ஆடி முடித்திருப்பார்கள். இதெல்லாம் முடியாது என்றால் இன்னொரு வழி, நாலு காலில் ஓடப் பழகுங்கள். இந்த ஊரில் நாலு காலுக்கு 160 ஏக்கர் கிடைத்தது, இரண்டு காலுக்கு ரசீது கிடைத்தது.

சிரித்தது போதும். இதைச் செய்தவர்கள் அறியாமல் செய்யவில்லை. வாடகை எவ்வளவு என்று கோப்பில் இருந்தது, கோப்பு அலமாரியில் இருந்தது, அலமாரியின் சாவி ஒவ்வொரு ஆட்சியின் இடுப்பிலும் இருந்தது. பெரிய மனிதர்களிடம் கேட்பது சங்கடம், கேட்டால் வக்கீல் வருவார், மறுநாள் ஏதாவது விருந்தில் முகம் பார்க்க வேண்டும். பிள்ளையிடம் கேட்டால் யார் வருவார்? அவன் அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போயிருப்பாள். இந்தக் கோழைத்தனத்துக்குத்தான் நிர்வாகம் என்று பெயர் வைத்து, ‘வருவாய்ப் பெருக்கம்’ என்று தலைப்புக் கொடுத்து, கைதூக்கி நிறைவேற்றினார்கள். ஊர் கத்தியதும் கையை இறக்கினார்கள். கத்தாமல் இருந்திருந்தால் இந்நேரம் கவுன்டர் திறந்து மாலை போட்டிருப்பார்கள். நாளை வேறு பெயரில், வேறு வார்டில், நீச்சல் குளத்துக்கோ பூப்பந்துத் தளத்துக்கோ அதே தீர்மானம் வந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கேட்பது ஒன்றுதான், பெரிய செலவில்லை. கிண்டியோ சேப்பாக்கமோ தீவுத்திடலோ, அரசாங்க மண்ணில் நடக்கிற ஒவ்வொரு விளையாட்டு வளாகத்தின் வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். எத்தனை ஏக்கர், யார் கையில், ஆண்டு வாடகை என்ன, பாக்கி எவ்வளவு, சீட்டு எந்தத் தேதியில் முடிகிறது. திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் பொறிக்கிற அதே அளவு எழுத்தில், தமிழில். பாக்கி இருக்கிறவன் பெயர் முதலில் வரட்டும், பாக்கியை விட்டுவைத்த ஆட்சிகளின் பெயர் அதன் கீழே வரட்டும். அந்தப் பலகையெல்லாம் நட்டு, அதில் எழுதிய பாக்கியெல்லாம் வசூலாகும் வரைக்கும், பந்தோடு வருகிற எந்தப் பிள்ளையிடமும் ஒரு பைசா கேட்க இந்த ஊரில் எவருக்கும் யோக்கியதை கிடையாது.